பின்வாசலில் நின்றவள்

சாவியம்மா வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். இடுப்பில் செருகிய வளையத்தில் பதினேழு சாவிகள். அவற்றில் மூன்று எந்தப் பூட்டுக்கும் சேராதவை. தூக்கிப் போட வேண்டியதுதானே என்று யாராவது கேட்டால், பூட்டு எங்கேயோ இருக்கும், நமக்குத்தான் தெரியாது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள்.

நாற்பத்தொரு வருடம் அவள் அந்தக் கிறிஸ்தவக் கோயிலின் குருமனையில், சாமியார்கள் தங்கும் வீட்டில், சமைத்தாள், துவைத்தாள், பெருக்கினாள். ஐந்து சாமியார்களைப் பார்த்துவிட்டாள். வந்தவர்கள் மாற்றலாகிப் போனார்கள். போகாமல் கிடந்தது தானும் மாடிச்சுவரின் ஈரமும்தான் என்பாள்.

கோயிலின் கதையை அந்த ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்கிற பகுதி இவ்வளவுதான். முதலில் கல்குவாரி வேலையாட்கள் போட்ட கூரைக் கொட்டகை ஒன்று இருந்தது. ஆற்றுக்குப் பாலம் கட்டி மிஞ்சிய கல்லைக் கேட்டு வாங்கிவந்து, கொத்தனார் வேலை தெரிந்த ஒரு சாமியார் சுவரை எழுப்பினார். கூரை போடுவதற்குள் கண்ணை மூடிவிட்டார். பன்னிரண்டு வருடம் அந்தக் கோயிலில் வானத்தைப் பார்த்தபடிதான் ஜெபம் நடந்தது. அடுத்து வந்தவர் கூரையைப் போட்டார். போட்ட கையோடு பின்னால் குருமனையையும் கட்டினார். தன்னோடு இன்னும் மூன்று சாமியார்கள் வந்து தங்குவார்கள் என்று நம்பி மாடியில் நான்கு அறை வைத்தார். ஒருவரும் வரவில்லை. ஆகவே அந்த வீட்டில் கட்டிய நாள்முதல் ஒருவரும் படுத்துறங்காத மூன்று அறைகள் உண்டு. சாவியம்மா அவற்றையும் வாரம் ஒருமுறை திறந்து பெருக்குவாள். ஆளில்லாத அறையில் எப்படித்தான் இவ்வளவு தலைமுடி சேருமோ என்று முனகிக்கொண்டே பெருக்குவாள்.

அவள் அங்கே வந்து சேர்ந்தது இருபது வயதில். அதற்கு முந்தின வாரம்தான் அவளுடைய முதல் குழந்தை பிறந்து மூன்றாம் நாள் போயிருந்தது. ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்லை. சாமியார் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தார். தண்ணீர் ஊற்றாத குழந்தையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் அடக்க அந்தக் காலத்தில் விடமாட்டார்கள். கல்லுடைக்கிற அவள் கணவன் கடையில் கேட்டு வாங்கிய தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தனியாகப் போனான். சுவருக்கு வெளியே வைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுக் கைகால் கழுவினான். அதன் பிறகு அவன் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. அவன் மற்ற எதைப்பற்றியும் அவ்வளவாக வாய் திறக்கிறவன் இல்லை. அவன் உடைக்கும் கல்லாவது அடித்தால் சத்தம் போடும் என்று குவாரியில் கேலி செய்வார்கள்.

அப்புறம் அவள் ஒரு விஷயமாகச் சாமியாரைப் பார்க்கப் போனாள். அப்போதிருந்த சமையற்காரி, இவள் வேலை கேட்டு வந்தவள் என்று நினைத்து, உட்காரவைத்துப் பாத்திரம் துலக்கச் சொல்லிவிட்டாள். துலக்கினாள். மறுநாளும் வரச் சொன்னாள். வந்தாள். அவ்வளவுதான், நாற்பத்தொரு வருடம் ஓடிவிட்டது. வேறு குழந்தை அவளுக்குத் தங்கவில்லை.

அவள் பார்த்த முதல் சாமியாரைப் பெரிய சாமியார் என்பார்கள். ஆள் வாட்டசாட்டம், குரலும் அப்படி. அவள் வேலைக்குச் சேர்ந்த மறு வருடம், நல்ல வெயில் காலத்தில், மதியம் இரண்டு மணிக்கு அலுவல் அறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"பின்வாசல்ல ஒரு பொண்ணு நிக்குது. மழையில நனைஞ்ச மாதிரி இருக்கு. என்னன்னு கேட்டு அனுப்பு."

மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது. அவள் போய்ப் பார்த்தாள். பின்வாசலுக்கு வெளியே கிணறு, துவைகல், அதைத் தாண்டிக் கல்லறைத் தோட்டத்துச் சுவர். வெயிலில் ஒரு ஈ பறக்கவில்லை. யாரும் இல்லை என்று வந்து சொன்னாள். அவர் நம்பாமல் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "இப்பத்தானே நின்னுச்சு" என்றார்.

பிறகு மாதத்துக்கு ஒரு முறை, வாரத்துக்கு ஒரு முறை என்று அது வழக்கமாகிவிட்டது. கடைசி வருடத்தில் அவர் பின்வாசலுக்கு இரும்புத் தாழ்ப்பாள் போடச் சொன்னார். மேசையைத் திருப்பிப் போட்டு, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அப்படியும் மதியமானால் திரும்பிப் பார்க்காமல் கேட்பார், போயிட்டாளா என்று. போயிட்டா சாமி என்பாள் இவள். அவர் தோள் அப்போதுதான் கொஞ்சம் இறங்கும். அத்தனை பெரிய உடம்பு அப்படி ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பதைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருக்கும்.

பெரிய சாமியார் போய் இரண்டாமவர் வந்தார். இளைப்பு நோய்க்காரர், மெல்லிய மனசு. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஏழாம் மாதம் அவர் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வந்து, "அம்மா, பின்னாடி ஒருத்தங்க ரொம்ப நேரமா நிக்கிறாங்களே, குடிக்க ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார். சாவியம்மாவுக்கு முதுகுத்தண்டில் யாரோ ஈரக்கையை வைத்தது போலிருந்தது. ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துப் போய் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் பார்த்தபோது தண்ணீர் அப்படியே இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கோயில் மணியடிக்கிறவரிடம் அன்றைக்குத்தான் வாயை விட்டாள். மணியடிப்பவர் எதற்கும் பதில் வைத்திருப்பவர். குருமனை கட்டும்போது சித்தாள் வேலைக்கு வந்த ஒருத்தி கிணற்றில் விழுந்து செத்தாள், அதுதான் ஈரத்தோடு நிற்கிறது என்று அடித்துச் சொன்னார். யார் பார்த்தது என்று கேட்டதற்கு, எல்லாருக்கும் தெரியும் என்றார். மூன்றே நாளில் உண்மையாகவே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கிணற்றுக்குக் கம்பிவலை போட்டார்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடப் போவதை விட்டார்கள்.

மூன்றாமவர் இளைஞர். பந்தாடுவார், பேய் பிசாசு என்றால் சிரிப்பார். அவர் சிரித்துக்கொண்டேதான் ஒருநாள் பின்வாசல் வழியாக வெளியே ஓடினார். திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை. அந்தப் பெண் சுவரோரமாக நடந்துபோய் மூலையில் திரும்பியதாகவும், தான் ஓடித் திரும்பியபோது அங்கே புல்கூட மிதிபடாமல் இருந்ததாகவும் சொன்னார். பிறகு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காமவர் ஆர்மோனியம் வாசிப்பவர். பதினான்கு வருடம் இருந்தார். அவருக்குக் காது நுட்பம். அவள் என்னமோ கேட்கிறாள், ஆனால் பாதிதான் காதில் விழுகிறது, பேர் பேர் என்று வருகிறது என்றார். என்ன பேர் என்று சாவியம்மா கேட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

இதில் விசித்திரம் என்னவென்றால், அந்த வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்த சாவியம்மாவின் கண்ணில் மட்டும் அவள் ஒருநாளும் பட்டதில்லை. முதலில் பயந்தாள். பிறகு பழகிவிட்டது. கடைசியில் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. வீட்டைப் பெருக்குவது நான், விளக்கேற்றுவது நான், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள் என்று கணவனிடம் சொன்னாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்.

ஐந்தாமவர் கண்ணாடிக்காரர். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவர். கோயிலுக்கு நூற்றைம்பது வருடம் நிறைகிறது, அதன் வரலாற்றை ஒரு விழா மலராக அச்சிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அலுவல் அறை மர பீரோவிலிருந்த பழைய பதிவேடுகளை எல்லாம் இறக்கினார். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று மூன்று வகை. செல்லரித்தவற்றைச் சாவியம்மா முற்றத்துத் தரையில் விரித்து வெயில் காட்டினாள். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பூச்சி தட்டினாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் என்பதால் சிலவற்றைப் படிக்கவும் செய்தாள். கொள்ளைநோய் வந்த வருடத்தில் ஒரே கையெழுத்து எண்பத்திரண்டு பேரை எழுதியிருந்தது. போகப்போக எழுத்து சரிந்துகொண்டே போய், எண்பத்து மூன்றாவதை வேறு கை எழுதியிருந்தது. அந்த எண்பத்து மூன்றாவது ஆள், அதுவரை எழுதிக்கொண்டிருந்த சாமியார்தான்.

ஒருநாள் மதியம். பலிபீடத்து விரிப்புகளைக் கஞ்சி போட்டுக் காயவைத்து எடுத்துவந்து, அலுவல் அறை ஓரத்தில் நின்று மடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் பதிவேட்டை மூடினார்.

"அம்மா, கிணத்துல விழுந்து செத்தவங்கன்னு யாருமே இல்ல. கட்டுன வருஷத்திலேர்ந்து ஒரு வரி விடாம பாத்துட்டேன்."

பதியாமல் விட்டிருப்பார்கள் என்றாள் அவள்.

"இருக்கலாம். ஆனா நானும் அவங்களப் பாத்துட்டேன். இந்த மாசத்துல அஞ்சு தடவை." அவர் குரலில் பயம் இல்லை, பாடம் எடுக்கிற குரல்தான். மேசையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "பாத்தத எழுதி வெச்சிருக்கேன். படிக்கிறேன், உங்களுக்கு யாருன்னு தெரியுதா பாருங்க."

அவள் விரிப்பின் நுனியோடு நுனியைச் சேர்த்தபடி தலையாட்டினாள்.

"வயசு இருபது இருக்கும். பச்சைச் சேலை. ஒரு ஓரத்துல மட்டும் மஞ்சள் துணி வெச்சுத் தச்சிருக்கு. வார் அறுந்த செருப்பக் கையில வெச்சிருக்காங்க." அவர் பக்கத்தைத் திருப்பினார். "எல்லாரும் நனைஞ்சிருந்தாங்கன்னு சொல்றாங்க. ஆனா தலை நனையல. காலும் காஞ்சுதான் இருக்கு. சேலையில நெஞ்சுப் பக்கம் மட்டுந்தான் ஈரம். அது தண்ணி மாதிரி தெரியல."

விரிப்பு அவள் கையிலிருந்து நழுவியது. நாற்பத்தொரு வருடத்தில் அவள் ஒரு பலிபீடத்து விரிப்பைத் தரையில் விட்டது அதுதான் முதல் தடவை. அவளும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"அது தாய்ப்பால், சாமி" என்றாள்.

அவர் நோட்டை மூடினார். அவள் சொன்னாள். குழந்தையை அடக்கி இரண்டாம் நாள், மார் கட்டிப்போய் வலி தாங்காமல், பால் தன்னால் வழிந்துகொண்டிருந்த உடம்போடு நடந்து வந்தது அவளேதான். மஞ்சள் துணி அவள் அக்காவின் பழைய சேலையிலிருந்து கிழித்தது. செருப்பு மேட்டில் ஏறும்போது அறுந்தது. குழந்தையை உள்ளேதான் அடக்க விடவில்லை, அதன் பெயரையாவது பதிவேட்டில் எழுதச் சொல்லலாம் என்று வந்தாள். பெரிய சாமியார் இதே ஜன்னல் வழியாகப் பார்த்து, பின்வாசலில் நில், வருகிறேன் என்றார். இரண்டு மணிக்கு நின்றவள் ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும்வரை நின்றாள். அவர் வரவில்லை. மறந்தாரோ, வரப் பிடிக்கவில்லையோ. மணி அடித்து முடிந்ததும்தான் சமையற்காரி வந்து, வேலைக்கா வந்திருக்கே என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டாள். இல்லை என்று சொல்ல வாயில் தெம்பில்லை.

"அன்னிக்கு உள்ள வந்தவதான். அதுக்கப்புறம் அந்த நிமிஷத்த நெனச்சதே இல்ல சாமி. நெனச்சா வேலை பாக்க முடியாது."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறையில் பழைய காகிதத்தின் வாடை. வெளியே தாழ்ப்பாள் காற்றில் ஒருமுறை தட்டியது, இருவரும் திரும்பவில்லை.

"நான்தான் உசுரோட இருக்கேனே" என்றாள் அவள் கடைசியில். "அப்ப அது எப்படி அங்க நிக்கும்?"

"தெரியலம்மா." அவர் நிஜமாகவே யோசித்துவிட்டுச் சொன்னார். "நீங்க உள்ள வந்துட்டீங்க. அவங்க இன்னும் வரல போல."

அவர் இப்போதைய அடக்கப் பதிவேட்டை எடுத்து விரித்தார். இப்போது அந்தப் பழைய சட்டம் இல்லை, அப்போதும் ஒரு பெயரை எழுதுவதற்கு யாரும் கையைப் பிடித்திருக்க மாட்டார்கள் என்றார். தேதி கேட்டார், சொன்னாள். ஆணா பெண்ணா என்றார், பெண் என்றாள். பெயர் என்றார். அந்தப் பெயரை அவள் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை, கணவனிடம்கூட. மூன்று நாளும் காதோடு காதாகக் குழந்தையிடம் மட்டும் சொன்னது.  இருமிவிட்டுச் சொன்னாள். அவர் நிதானமாக எழுதினார். எழுதியதை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்து, சரி என்றாள்.

அடக்கம் செய்த இடம் என்று ஒரு கட்டம் இருந்தது. சுவருக்கு வெளியே என்று அவள் சொன்னாள். எந்த இடம் என்று குறித்து வைத்தால் ஒரு கல் நடலாம், வீட்டுக்காரரிடம் சரியாகக் கேட்டுக்கொண்டு வாருங்கள், அதுவரை இந்தக் கட்டம் காலியாக இருக்கட்டும் என்றார் அவர்.

அன்று சாயங்காலம் அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வீட்டுக்குப் போனாள். கணவனுக்கு இப்போது வயதாகிவிட்டது. குவாரித் தூசியில் நெஞ்சு கெட்டு வீட்டோடு இருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பின்வாசலில் நிற்பது யார் என்பதையும், குழந்தையின் பெயரையும் சொன்னாள். அவர் பெயரை மட்டும் ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார்.

"சுவருக்கு அந்தப் பக்கம் எந்த எடத்துல வெச்சீங்க? சாமி கேக்குறாரு."



"அந்தப் பக்கம் வெக்கல" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"வெளிய நின்னுதான் தோண்டுனேன். ஆனா அஸ்திவாரத்துக்கு அடியில சாய்வா உள்ள தோண்டிட்டே போனேன். கை நீளத்துக்கு மேல போனேன். பெட்டிய உள்ள தள்ளி மூடிட்டேன். அது உள்ளதான் இருக்கு. முதல்லேர்ந்தே உள்ளதான் இருக்கு."

கல்லுக்கு அடியில் தோண்டுவது அவருக்குத் தொழில். தெரிந்தால் பெரிய சாமியார் தோண்டி எடுக்கச் சொல்லிவிடுவார் என்று பயந்து சொல்லவில்லை. அவர் போனபின் அடுத்தவர் என்ன சொல்வாரோ என்று பயம். பிறகு பயம் போய்விட்டது, ஆனால் இத்தனை காலம் மறைத்ததை எந்த வாயால் சொல்வது என்று கூச்சமாகிவிட்டது. இதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று முறை மூச்சு வாங்கியது. அவள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் ஒரே தடவையில் இத்தனை பேசிக் கேட்டதில்லை.

அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். வருடம் தவறாமல் சுவருக்கு வெளியே புல்லில் போய் நின்று, வெறும் மண்ணைப் பார்த்து அழுதிருக்கிறாள். பாத்திரத்தை எல்லாம் சத்தம் வர எடுத்து வைத்தாள். சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்தினாள். அவர் கையை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே அவர் எதிரில் உட்கார்ந்து, "சாப்பிடுங்க, காலையில ஏறணும்" என்றாள்.

காலையில் இருவரும் மேடேறினார்கள். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, அவர் சுவரின் மூலையிலிருந்து அடி வைத்து எண்ணினார். உள்பக்கமாக வந்து ஓர் இடத்தில் நின்று, குனிந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்தார். அவளும் வைத்தாள். பக்கத்தில் ஊரின் பழைய கல்லறைகள் எல்லாம் நெருக்கியடித்துக் கிடந்தன. அந்த ஒரு சின்ன இடம் மட்டும், யாரோ பார்த்து ஒதுக்கி வைத்தது போல, எவருக்காகவும் தோண்டப்படாமல் தப்பியிருந்தது. இருவரும் வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். 

குருமனைக்கு அவர்கள் திரும்பி வந்தபோது கண்ணாடிக்காரர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு இறங்கிவந்து பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார்.  அவர்களைத் தாண்டிச் சுவர்ப் பக்கம் பார்த்துவிட்டு, "உங்ககூட உட்காந்திருந்தாங்களே, அவங்க வரலையா?" என்று கேட்டார்.

சாவியம்மா திரும்பிப் பார்த்தாள். வழக்கம் போல அவள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

"புள்ளைகூடவே இருக்கட்டும் சாமி" என்றாள். கணவனைக் கைப்பிடித்துப் படியேற்றி உள்ளே உட்காரவைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.